மூன்று பின்னல்

என் போன் அடித்தால் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டு யன்னல் திறக்கும். யார் போனதென்று பார்ப்பதற்கு. எதிர்வீட்டு மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "டீச்சர், ஆராம்?" என்று கேட்பா. மகன் கட்டாரிலிருந்து எடுத்தான் என்று சொன்னாலும் அவவுக்கு நம்பிக்கை வராது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுகிறேனா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவா.

அது ஒரு கறுப்புத் துணிப்பை. உள்ளே கையுறை, பஞ்சு, கற்பூரம், கத்தரிக்கோல், தடித்த துணி ரெண்டு. எங்கள் ஊரில் பெண்கள் மௌத்தானால் அந்த உடம்பைக் குளிப்பாட்டி, கபன் என்கிற வெள்ளைத் துணியால் சுற்றுகிறவர்களில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வாகி வந்து, சும்மா இருக்க மாட்டாமல் பிடித்துக்கொண்ட வேலை. எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மௌத்தை நான் என்ன கண்டா பிடித்தேன்?

ஓய்வு பெறுகிறவளுக்கு ஊரே புத்தி சொல்லும். பிரியாவிடையில் மாலை போட்டு, வாயாரப் புகழ்ந்து, கையில் ஒரு சுவர் மணிக்கூட்டைத் தந்தார்கள். இனிமேல் நேரம் பார்க்கத் தேவையில்லாதவளுக்கு மணிக்கூடு கொடுக்கிற யோசனை எந்தப் பெரிய மூளைக்கு வந்ததோ தெரியாது. அதைக் குசினிச் சுவரில் கொழுவினேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கிற நேரம் வந்தால் என் கால் தானாக எழும்பும். எழும்பி எங்கே போகிறது? அடுப்படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து அடுப்படிக்கு. கத்தரியும் வெண்டியும் நட்டேன். பக்கத்து வீட்டு ஆடு வந்து பசியாறிவிட்டுப் போனது. தையல் மெசினைத் தூசு தட்டினேன். அது என்னைவிட முந்தி ஓய்வு பெற்றிருந்தது.

வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. நீர்ப்பாசன இலாகாவிலிருந்து எனக்கு முன்னமே ஓய்வாகியவர். சவளக்கடைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் கிடக்கிறது. காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் பகல் சோற்றுக்குத்தான் திரும்புவார். வயல் அவரைத் தேடும், அவர் வயலைத் தேடுவார். என்னைத் தேட ஒரு சீவன் இல்லை என்று நினைத்து நான் குசினிக்குள் இருந்து அழுத நாளும் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

இதையெல்லாம் நான் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். காலையில் அவசரத்தில் அவளுடைய உம்மா ஏனோதானோ என்று கட்டி அனுப்புகிற ரெட்டைப் பின்னலை, மணி அடிக்க முதல் நான்தான் அவிழ்த்துத் திருப்பிப் பின்னிவிடுவேன். பிறகு ரெண்டு பேரும் டீச்சராகி, ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓட்டோவில் போய் வந்தோம். அவள் கணக்கு, நான் மனையியல். ஓய்வும் ஒரே வருசத்தில். எனக்கு எதுக்கெடுத்தாலும் கோபம் வரும், அவளுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு வரும். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக்கியிருந்தால் நல்ல மனிசி ஒருத்தி வந்திருப்பாள் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்ட ஆள் போதாது, விருப்பமான பெண்களுக்கு மதரஸா மண்டபத்தில் ஒரு மௌலவியா வந்து படித்துத் தருவா என்று. அவள் உடனே போன் எடுத்தாள்.

"வாகா, போவம். ஓய்வுக்குப் பொறகு செய்ற வேலையெண்டா இதுதான். ஒருநாளும் வேலை இல்லாமப் போகாது."

"சீ, என்ன கதை கதைக்கிறாய்?"

"மெய்யாத்தான் சொல்றன். பரீட்சைத்தாள் திருத்தத் தேவல்ல, பெற்றாரோட சண்டை பிடிக்கத் தேவல்ல. பிள்ளைகளும் சத்தம் போடாது."

அந்த வாய் அவளுக்கு. போனோம்.

மண்டபத்தில் முப்பது நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். மௌலவியா எங்களிடம் படித்த பிள்ளைகளின் வயது. ஆனால் சிரிக்கத் தெரியாத முகம். பழக்கிக் காட்டப் பழந்துணியில் ஒரு பொம்மை செய்து கொண்டுவந்திருந்தா. அதற்குக் கையும் மடங்கவில்லை, காலும் மடங்கவில்லை, தலையில் முடியும் இல்லை. "ஆராவது ஒராள் படுத்தா நல்லாப் படிச்சித் தரலாம்" என்றா. மையித்தாகப் படுக்க யாருக்கு மனம் வரும்? எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினாள். "வாங்க, எல்லாரும் வந்து பாருங்க. நான் மௌத்து" என்றாள்.

ஈரத்துணியைக் கையில் சுற்றி அவளுடைய வலது அக்குளுக்குக் கொண்டுபோனது நான். அவ்வளவுதான். கூச்சத்தில் சுருண்டு, கால் ரெண்டையும் அடித்து, கண்ணீர் வருமட்டும் சிரித்தாள். மண்டபமே சிரித்தது. "டீச்சர், மையித்துச் சிரிக்கப்படாது" என்று மௌலவியா சொன்னா. அதற்கு இன்னும் சிரித்தாள்.

கடைசியாகத் தலைமுடி. அவிழ்த்து, கழுவி, மூன்றாகப் பிரித்து, மூன்று பின்னலாகப் பின்னி, பின்னுக்குப் போடவேண்டும். உயிரோடு இருக்கிறவள் ஒன்று பின்னுவாள், சின்னப்பிள்ளை என்றால் ரெண்டு பின்னுவாள். எங்கள் ஊரில் மூன்று பின்னல் மையித்துக்கு மட்டும்தான். நான் பின்னிக்கொண்டு நின்றேன். சிரித்துக் களைத்துப்போய், அப்போதுதான் அவள் அசையாமல் கிடந்தாள். மௌலவியா வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டா. அந்த நேரம் பார்த்து அவளுடைய மூத்த மகள் உம்மாவைக் கூட்டிப்போக வந்து மண்டபத்து வாசலில் நின்றாள்.

அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த இரத்தம் வடிந்துபோனதை நான் கண்டேன். இவள் கண்ணைத் திறந்து, எழும்பி, மூன்று பின்னலையும் ஆட்டிக் காட்டி, "மகள், ஒரு போட்டோ எடு" என்றாள். மகள் கிட்டவும் வரவில்லை.

"எறங்குங்க உம்மா," என்று மட்டும் சொன்னாள். "எறங்குங்க."

பிறகு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பல வீடுகளுக்குப் போனோம். முதல் தடவை ஈரத்துணியை ரெண்டு மூன்று தரம் கீழே போட்டுவிட்டேன். அவள்தான் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "நம்மட வகுப்புப் பிள்ளையெண்டு நினைச்சிக்கொள்" என்று மெதுவாகச் சொன்னாள். வேலை முடிந்து வெளியே வந்தபோது என் மனம் கிடந்த கிடையை எப்படிச் சொல்கிறது? அவ்வளவு காலம் படிப்பித்து, எத்தனை பிள்ளைக்குப் பெறுபேறு வந்தும், அப்படி ஒரு அமைதி எனக்கு வந்ததில்லை. நன்றி சொல்ல முடியாத ஒருத்திக்குச் செய்கிற வேலை. அவளுடைய உடம்பில் கண்டதை வெளியே சொல்லவும் கூடாது. எத்தனை பேர் என்னைப் பிடித்து, "முகம் எப்பிடி டீச்சர்? வெளிச்சமா இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒன்ட முகத்த நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் அந்த வேலை கைக்குள் ஏறிவிட்டது. கலியாண வீட்டில் பொம்பிளைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருப்பார்கள்; நான் அந்த விரல்களைப் பார்த்து, நகம் கொஞ்சம் நீளம், வெட்டவேண்டும் என்று நினைப்பேன். அஸ்தஃபிருல்லாஹ்! கடையில் எனக்கு முன்னால் நிற்கிற மனிசியின் தோளைப் பார்த்தால், இவவைப் புரட்ட ரெண்டு பேர் வேண்டும் என்று மனம் சொல்லும். ஆட்களுக்கும் அது எப்படியோ விளங்கிவிட்டது. நான் போனால் கதை நிற்கும். வயிற்றுப் பிள்ளைக்காரி முந்தானையை இழுத்து வயிற்றை மூடுவாள். எதிர்வீட்டு மாமி பகிடியாகக் கேட்பது போலக் கேட்டா: "என்ன டீச்சர், அப்படிப் பார்க்கிறீங்க? அளவெடுக்கிறீங்களா?" பகிடிதான். ஆனால் அவவின் கண்ணில் பகிடி இல்லை.

இவளிடம் சொன்னால் சிரிப்பாள். "எனக்கிட்ட அளவு எடுக்கத் தேவல்ல. ஒனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே."

அந்தச் சொல் வாயால் வந்து கொஞ்ச நாளில் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. கண் மஞ்சளித்தது. ஈரலில் என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள், திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாகனத்திலிருந்து இறக்கிய விதத்திலேயே ஒழுங்கைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிறகு ஊருக்கு வாய் முளைத்தது. வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? உயிரோடு மையித்தாகப் படுத்தவ. மூன்று பின்னல் பின்னிக்கொண்டு சிரித்தவ. உயிர் எடுக்கிற மலக்கு வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனதாம். பின்னிவிட்ட கை யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் சத்தம் போட்டேன். நோய் அதற்கு எவ்வளவோ முதலே உள்ளே இருந்திருக்கும் என்று டொக்டரே சொன்னதைச் சொன்னேன். வாயால் சொன்னேன். தனியே இருக்கும்போது என் கையைப் பார்ப்பேன். அல்லாஹ்வே, இந்தக் கைதானா என்று கேட்காத நாள் இல்லை.

எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவளுக்கு எழுதிவிடுவோம். உம்மாவும் வாப்பாவும் அதற்குப் பிறகு மகளுடைய வீட்டில் ஒரு அறையில் இருப்பார்கள். இவளும் அப்படித்தான். அவளுடைய வீட்டுக்காரர் மௌத்தாகிய பிறகு மூத்த மகளின் வீட்டில் வீதிப் பக்கத்து அறை இவளுக்கு. ஆகவே அந்த வீட்டு வாசல் கேற்று மகளுடைய கேற்று. நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். மகள் கேற்றைப் பாதி திறந்து நின்றாள்.

"உம்மா நித்திரை, டீச்சர்."

பிறந்த நாளிலிருந்து என்னைச் சாச்சி என்று கூப்பிட்ட பிள்ளை. அந்த "டீச்சர்" எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கஞ்சிப் பாத்திரத்தை அவள் வாங்கவும் இல்லை. அடுத்த முறை போனபோதும் உம்மா நித்திரை. அதற்கடுத்த முறையும் நித்திரை. போன் எடுத்தால் மகளே எடுத்து அதையே சொல்வாள். இருபத்துநாலு மணித்தியாலமும் நித்திரை கொள்கிற மனிசியா அவள்? வகுப்பில் நித்திரை கொண்ட பிள்ளைக்குச் சோக்கால் எறிந்தவள்!

அந்தக் கேற்றால் நான் உள்ளே போக ரெண்டு வழிதான் இருந்தது. கூட்டாளியைப் பார்க்கப் போகிறது ஒன்று. மற்றது பையோடு போகிறது. முதல் வழி பூட்டிக் கிடந்தது. மற்ற வழி நாளுக்கு நாள் எனக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அவளை உயிரோடு ஒரு தடவை பார்க்காமல், கபன் துணிக்கு மேல்தான் பார்ப்பேனோ என்ற பயம் நெஞ்சில் ஏறி இருந்துகொண்டது. போன் அடிக்கும்போதெல்லாம் மகளுடைய பெயரா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

மாரி தொடங்கியது. வாடைக் காற்று. கடல் ஊருக்குள் வந்து நிற்பது போல இரைந்தது. அந்த மாரியில் வேலையும் கூடவாக இருந்தது. தனியாகத்தான் போனேன். தண்ணீர் ஊற்ற வேறு யாரோ நிற்பார்கள். நான் திரும்பி அவளிடம் ஏதோ சொல்லப் பார்த்து, வாயை மூடிக்கொள்வேன்.

அவர்கள் வளவில் மதிலோரமாக ஒரு இலந்தை மரம் நின்றது. குளிப்பாட்டுகிற தண்ணீரில் போட இலந்தை இலை வேண்டும். அவள் நலமாக இருந்த காலம் முழுக்க அந்த மரத்தில்தான் பறிப்போம். நோயில் விழுந்த பிறகு நான் உள்ளே போகாமல், ஒழுங்கைப் பக்கம் சாய்ந்த கொப்பில் ஒரு பிடி ஆய்ந்துகொண்டு போவேன். ஒரு காலை கோடரிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மரம் நிலத்தில். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏன் மகள் வெட்டின?"

"புழு விழுகுது, டீச்சர்."

அவளுக்குப் பின்னால் வீதிப் பக்கத்து யன்னலில் திரைச்சீலை அசைந்தது. ஒரு கை. மஞ்சள் பாய்ந்து, வளையல் இல்லாமல், ஈர்க்கில் மாதிரி. என்னைப் பார்த்து மெல்ல ஆடியது. நான் கை காட்டுவதற்கு முதல் என் பாழாய்ப்போன மனம் என்ன நினைத்தது தெரியுமா? இந்தக் கையைத் தூக்கிக் கழுவ ஒரு விரல் போதும் என்று. அந்த நினைப்பு வந்த வெறுப்பில்தான் என் வாய் திறந்துகொண்டது.

"மரத்த வெட்டினா மௌத்துக்கு வழி தெரியாமப் போயிருமா?"

சொல்லி முடியவில்லை, மகளின் கண் நிரம்பிவிட்டது. கேற்றைச் சாத்தினாள். பிறகு உள்ளே சங்கிலி போடுகிற சத்தமும் கேட்டது.

அன்றைக்கு வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து, நான் சோறு போடாமல் இருப்பதைக் கண்டுவிட்டுத் தானே போட்டுத் தின்றார். தின்று முடித்துச் சொன்னார்: "அந்தப் பையக் கொஞ்ச நாளைக்கு அலுமாரிக்குள்ள வையன். கூட்டாளியப் பார்க்கக் கிடைக்கும்." நானும் அதைத்தான் யோசித்தேன். எனக்கென்று கிடைத்த ஒரே வேலை, அதுவே என் கூட்டாளிக்கும் எனக்கும் நடுவில் சுவராக நின்றால் அந்த வேலை என்னத்துக்கு? பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஒரு ஏழை வீட்டில் யாருமில்லை என்று பள்ளிவாசலிலிருந்து கூப்பிட்டார்கள். இல்லை என்று எந்த வாயால் சொல்கிறது? கையில் பையோடு அந்தக் கேற்றைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. யன்னல் பூட்டிக் கிடந்தது.

பிறகு ஒருநாள், மழை விட்டு வெயில் எறித்த முற்பகல். மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகளுடைய பெயர்.

"சாச்சி..." அழுகை. மூச்சு விட முடியாத அழுகை. "வாங்க சாச்சி." அவ்வளவுதான், போன் நின்றுவிட்டது.

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நான் கத்தவில்லை. கையைக் கழுவினேன், தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி வுளூச் செய்தேன், பையை எடுத்தேன். ஒழுங்கைக்குள் இறங்கினால் யன்னல்கள் திறந்தன. மாமி, "ஆராம் டீச்சர்?" என்றா. நான் திரும்பிய பக்கத்தைப் பார்த்தே அவவுக்கு விளங்கிவிட்டது. "யா அல்லாஹ், கணக்கு டீச்சரா!" என்று தலையில் கை வைத்து, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தா. அவவுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள்.

கேற்று திறந்து கிடந்தது. வாசலில் கதிரை ஒன்றும் போடவில்லை. ஆண்கள் ஒருவரும் இல்லை. அப்போதே எனக்கு யோசனை வந்திருக்கவேண்டும், வரவில்லை. நேரே வீதிப் பக்கத்து அறைக்குள் போனேன். அவள் தலையணையில் சாய்ந்து, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற மாமியைப் பார்த்தாள்.

"ஆருகா மௌத்து?" என்றாள். பிறகு, "நானா?"

சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் அதே சிரிப்பு. நான் பையைப் போட்டுவிட்டு அவளுடைய காலடியில் விழுந்து குழறினேன். மாமி, "நஊதுபில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வந்த வழியே போய்விட்டா.

நடந்தது இதுதான். மரம் வெட்டிய நாளிலிருந்து அவள் மகளோடு கதைக்கவில்லை. அன்றைக்குக் காலையில் மருந்தையும் துப்பிவிட்டாள். "அவள் வராட்டி நான் வாயத் தொறக்க மாட்டன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். அந்தப் பயத்தில்தான் பிள்ளை போன் எடுத்திருக்கிறாள். இப்போது கதவோரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அழுதது போதும்," என்றாள் கட்டிலில் கிடந்தவள், என்னைப் பார்த்து. "தலை நாறுது. இவளுகள் என்னத் தொட்டா ஒடைஞ்சி போவனெண்டு பயத்தில தண்ணி வார்க்கிறாளுகளில்ல. நீ கழுவு."

"நானா?"

"வேற ஆரு? மௌத்தான பொறகு நீ கழுவுவாய், எனக்குத் தெரியும். அது எனக்கு விளங்கவா போகுது? இப்பக் கழுவுகா. விளங்கக்க கழுவு."

கட்டில் ஓரத்துக்கு அவளை இழுத்து, தலையைத் தொங்கவிட்டு, கீழே பிளாஸ்டிக் பேசினை வைத்தோம். மகள் இளஞ்சூட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டளை போட்டாள். "ஷாம்பூவப் போடு. இலந்தை இலைக்கு இன்னும் நாள் கிடக்கு. மரத்தையும் இவள் வெட்டிப் போட்டாள், நீ வேற எங்கயாவது பார்த்து வை." மகள் விம்மினாள். "பகிடிக்குச் சொன்னன் மகள், தண்ணிய ஊத்து" என்றாள்.

நான் கழுவினேன். என் கை வலது பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. அது அப்படித்தான் பழகியிருந்தது. மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றும்போது என் கை பக்கத்தில் எதையோ துழாவியது. கற்பூரத்தைத் தேடியது. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். அவளுடைய நெற்றி சூடாக இருந்தது. அந்தச் சூட்டை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

துவட்டி, எழுப்பி இருத்தி, சிக்கெடுத்து வாரினேன். முடி கொட்டியது போக இன்னும் ஒரு பிடி இருந்தது. யன்னலால் வெயில் வந்தது. அவள் ஏதோ பழைய கதை சொல்ல, நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு, பிரித்தேன். மகள் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை விழுந்து உருண்டது. ஏன் என்று நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளையின் முகம் அன்றைக்கு மண்டபத்து வாசலில் இருந்த மாதிரி இருந்தது. அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். என் கை முடியை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது.

விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை?" என்றாள்.

நான் மூன்றையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தேன்.

"கணக்கு டீச்சருக்கிட்ட ஒளிக்கிறாய். என்ட தலைகா, எனக்கு விளங்காதா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இண்டைக்கு ரெண்டு பின்னு. பள்ளிக்குப் போகக்க பின்னுவாயே, அப்பிடி. மூண்டு பொறகு."

மகள்தான் உள்ளே போய்த் தன்னுடைய சின்னவளின் பள்ளிக்கூட ரிப்பன் ரெண்டைக் கொண்டுவந்தாள். வெள்ளை ரிப்பன். நான் ரெட்டைப் பின்னல் பின்னி, மடித்துக் கட்டிவிட்டேன். அவள் கண்ணாடி கேட்டுப் பார்த்து, "ஆளுக்கு வயசே தெரியல்ல" என்றாள். அன்றைக்கு மருந்தும் குடித்தாள், ரெண்டு கரண்டி கஞ்சியும் குடித்தாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நாள் கிடைத்தது. கொஞ்சம்தான். ஒவ்வொரு பின்னேரமும் அஸர் தொழுதுவிட்டுக் கைவீசிக்கொண்டு போவேன். கேற்றுச் சங்கிலியைக் கழற்றி விட்டிருந்தார்கள். நான் பின்னுவேன், அவள் ஊர் வம்பெல்லாம் கேட்பாள். "குளிப்பாட்டினவ கண்டதச் சொல்லப்படாது, தெரியும்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். "என்னப் பத்தி நீ சொல்லலாம்," என்றாள். "நல்லதா ஏதும் கண்டா." அந்தச் சொல்லை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஒரு காலை என் போன் அடிக்கவில்லை. ஒழுங்கையில் ஒரு யன்னலும் திறக்கவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மகள் நடந்தே வந்து கேற்றில் நின்றாள். அழவில்லை.

"சாச்சி," என்றாள். "பைய எடுத்திட்டு வாங்க."

தண்ணீர் ஊற்ற வந்த பெண்களை மகள் விடவில்லை, தானே வாளியை எடுத்தாள். துணியை விலக்கினேன். ரெட்டைப் பின்னல் அப்படியே கிடந்தது, முதல் நாள் பின்னேரம் நான் கட்டியது. ரிப்பன் முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோல் பைக்குள் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. நகத்தால் மெல்ல மெல்ல அவிழ்த்தேன். தலையைக் கழுவினேன். ஈரத்துணியைக் கையில் சுற்றி வலது பக்கம் தொடங்கினேன். அக்குளுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. ஏதோ வரும் என்று காத்துக்கொண்டு நின்றது.

"என்ன சாச்சி?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்ல, ஊத்து," என்றேன்.

அவள் ஊற்றினாள். எல்லாம் முடிந்து கடைசியாக முடியைத் துவட்டி, மூன்றாகப் பிரித்துப் பின்னினேன்.